பேப்பரில் இருக்கிறபடியே

என் சின்ன நைனாவுக்கு,

வீட்டில் உன்னை அப்படித்தான் கூப்பிட்டேன். அப்பனை நைனா என்று கூப்பிடுகிற ஊர் நம்முடையது. ஆசை அதிகமானால் பிள்ளையையும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். உனக்கு வைத்த பெயர்கள் இரண்டு. இரண்டில் ஒன்றையும் இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. ஏன் என்று உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்குப் போகப்போகத் தெரியும்.

எழுதுகிறது உன் பெண்டாட்டி. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குப் புதிதா? கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மறக்காத தலையை மட்டும் ஆண்டவர் கொடுத்தார். அதைப் பெரிய வரம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

நீ போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் மஸ்கட்டுக்குப் போய் வந்துவிட்டேனப்பா. ஒருத்தனாகப் போனேன், ஒருத்தனாகத் திரும்பினேன். ஒன்பது நாள். போன திங்கட்கிழமை சித்தூர் வந்து சேர்ந்தேன். கால் வீக்கம் இன்னும் வடியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் உன் அம்மா பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறதே, எனக்கென்று வைத்தது, அதில் உனக்கு ஒரு கல் வைக்கப் போகிறேன். வைப்பதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போனேன். அங்கே போய் நின்றபோது யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். நம்மைப் போல பிள்ளைக்கு இரண்டு பெயர் வைத்த அப்பன்கள் இந்த ஜில்லாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும், அல்லது யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்கட்டும்.

முதலில் அந்தப் பெயர்க் கதை. கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது வேதத்திலிருந்து ஒரு பெயர் வைத்தோம். உன் அம்மா மூன்று நாள் ஜெபம் பண்ணித் தேர்ந்தெடுத்த பெயர். பள்ளியில் சேர்க்கிறபோது அந்தப் பெயரைச் சொன்னேன். பெரிய சார் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"இந்தப் பேரு எழுதினா சாதி சர்ட்டிபிகேட் வேற மாதிரி வரும்யா, எஸ்.சி.ன்னு வராது. ஹாஸ்டலும் இல்ல, ஸ்காலர்ஷிப்பும் இல்ல. உங்க சனம் எல்லாரும் வேற பேருதான் எழுதறாங்க. நீ ஒருத்தன்தான் புதுசா?"

"கோயில்ல வச்ச பேரு சார்."

"ஏமய்யா, பேரு மாத்தி எழுதினா பிள்ள மாறிப்போயிடுவானா?"

அவர் நல்லவர். நம் நன்மைக்குத்தான் சொன்னார். மலைமேல் இருக்கிற சாமியின் பெயரை எழுதினார். நான் கட்டைவிரல் வைத்தேன். முதல் மூன்று நாள் வருகைப் பதிவில் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது நீ எழுந்திருக்கவில்லை என்று அடி வாங்கிக்கொண்டு வந்தாய். சாயங்காலம் என் மடியில் ஏறி உட்கார்ந்து கேட்டாய், "நைனா, அந்தப் பையன் யாரு? அவன் வராததுக்கு என்னை எதுக்கு அடிக்கறாங்க?"

நான் சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. அவள் எப்போதும் ஒன்றைக் கேட்பாள்: "கடைசி நாள்ல ஆண்டவரு எந்தப் பேரச் சொல்லி இவன எழுப்புவாரு?" நான் அதற்கும் சிரித்தேன்.

அந்தப் பேப்பர்ப் பெயரில்தான் நீ ஹாஸ்டலில் சாப்பிட்டாய், ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படித்தாய், பாஸ்போர்ட் எடுத்தாய். உன் மகளும் அதே மாதிரி சர்ட்டிபிகேட்டில்தான் இப்போது திருப்பதியில் காலேஜ் படிக்கிறாள். மூன்றாம் வருஷம். நன்றாகப் படிக்கிறாள். அந்தப் பெயரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அது நமக்குச் சோறு போட்ட பெயர்.

இன்னொன்றும் உனக்கு வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? வெல்ல மண்டியில் என் வேலை மூட்டைக்குக் குறி போடுவது. கார்வேட்டிநகரத்திலிருந்து வருகிற வண்டிக்கு ஒரு குறி, இன்னோர் ஊர்க்காரருக்கு இன்னொரு குறி. காவிக்கட்டியைத் தண்ணீரில் குழைத்து, தேங்காய் நாரால் தொட்டு, வட்டம், கோடு, காக்கைக்கால் என்று போடுவேன். முன்னூறு குறி தலையில் இருக்கும், ஒன்றுக்கொன்று மாறாது. அதில் ஒன்றை எந்த விவசாயிக்கும் கொடுக்காமல் உனக்கென்று வைத்திருந்தேன். ஒரு வட்டம், அதன் தலையில் இரண்டு கொம்பு. கன்றுக்குட்டி மூஞ்சி மாதிரி இருக்குது என்று சொல்வாய். உன் பள்ளிப் பையில் அதைத்தான் போட்டேன்.

நீ முதல் தடவை மஸ்கட் போகிறபோது உன் பெட்டியிலும் அதைப் போட்டேன். ஏர்போர்ட்டில் எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருக்கும், மாறிப்போகும் என்று யாரோ சொன்னார்கள். "நைனா, இது இன்னா வெல்ல மூட்டையா? அங்க எல்லாரும் சிரிப்பாங்க" என்று கோபித்துக்கொண்டாய். ஆனால் அழிக்கவில்லை.

சரி, பயணத்தைச் சொல்கிறேன். உன்னோடு ஒரே ரூமில் பதினோரு வருஷம் இருந்தானே வரதய்யபாளையத்துக்காரன், அவன்தான் விசா எடுத்து அனுப்பினான். வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிடப் போகிறானாம். "நான் இருக்கறப்பவே வந்து பாத்துட்டுப் போயிடு நைனா, அப்புறம் உனக்கு யாரு காட்டுவாங்க" என்றான். உன் பெண்டாட்டி ஒத்துக்கொள்ளவில்லை.

"மாமா, உனக்கு வேலூர் பஸ்ஸு போர்டே படிக்கத் தெரியாது. ஏரோப்ளேன் ஏறப் போறியா?"

"ஏரோப்ளேன்ல போர்டு இல்லம்மா. ஏறினா அது போற எடத்துக்குத்தான் போவும்."

அப்படித்தான் போனேன். கிளம்புவதற்கு முன்னால் உன் இரண்டு பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னேன். பேப்பர்ப் பெயர் இங்கிலீஷில், கோயில் பெயர் தமிழில். எதற்கு என்று கேட்டாள். சொல்லவில்லை. மூட்டைக் குறியைப் பார்க்கிற மாதிரி இரண்டையும் நான்கு நாள் பார்த்துப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டேன். எந்த எழுத்துக்கு என்ன சத்தம் என்று எனக்குத் தெரியாது. இது உன் உருவம், இது உன் இன்னோர் உருவம், அவ்வளவுதான்.

அங்கே இறங்கினதும் ஒரு மெஷினில் விரல் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன், எடுக்கவில்லை. துடைத்து வைத்தேன், எடுக்கவில்லை. நாற்பது வருஷம் கோணியும் கயிறும் இழுத்த விரல், ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. அந்த ஆபீசர் என் கட்டைவிரலைத் தன் கையால் பிடித்து அழுத்தினார். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் முனகினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தில் அழுகிறான் கிழவன் என்று நினைத்திருப்பார்கள். என் மனதில் ஓடினது வேறே: எடுக்க வேண்டாத இடத்தில் இந்த விரல் எவ்வளவு நன்றாக எடுத்தது!

அதைப் பிறகு சொல்கிறேன்.

நீ படுத்திருந்த கட்டிலைப் பார்த்தேன். இரும்புக் கட்டில், மேலே ஒருத்தன், கீழே ஒருத்தன். இப்போது அதில் பீகார்க்காரப் பையன் ஒருவன் படுக்கிறான். நான் உட்காருவதற்காகப் போர்வையை மடித்துக் கொடுத்தான். அன்றைக்கு நீ எழுந்திருக்காமல் கிடந்ததைக் கட்டிலைக் காட்டிக் காட்டிச் சொன்னான் வரதய்யபாளையத்துக்காரன். "காலைல டியூட்டிக்கு வண்டி வந்துடுச்சி நைனா. எழுந்திருடான்னு காலப் புடிச்சி இஸ்தேன். ஜில்லுனு கீது."

அவன் உன் சாமான் பையை எடுத்து வைத்திருந்தான். வேலைக்குக் கொண்டுபோகிற பை. கம்பெனிக்காரர்கள் அனுப்பினதில் அது இல்லை என்று உன் பெண்டாட்டி கேட்டுக்கொண்டே இருந்தாளே, அது. பையின் மூடியில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு வட்டம், இரண்டு கொம்பு.

"எல்லாத்துலயும் இத்தப் போட்டு வச்சிருந்தான் நைனா. பக்கெட்டு, தட்டு, ஹெல்மெட்டு. இன்னாடா மார்க்குன்னு கேட்டா, எங்க நைனா கையெழுத்துன்னு சொல்லுவான்."

நான் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பேச வைக்கப் பார்த்தான்.

"ஆனா பெரிய கள்ளன் நைனா உன் புள்ள. வெள்ளிக்கெழம லீவுன்னா இஸ்திரி சட்ட போட்டுக்கினு, சென்ட்டு அடிச்சிக்கினு எங்கியோ போயிடுவான். எங்கடான்னா சொல்ல மாட்டான். நாங்க எல்லாம் எவளோ ஒருத்தி கீறான்னு நெனச்சிக்கினோம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, பாத்ரூம்ல பாட்டு. எங்க ஊரு பாட்டுன்னு சொல்லுவான். சினிமாப் பாட்டாட்டம் இருக்காது. இழுத்து இழுத்துப் பாடுவான்."

பைக்குள் ஸ்பேனருக்கும் கேஜுக்கும் அடியில் காக்கி அட்டை போட்ட ஒரு புஸ்தகம் இருந்தது. அவன் சொன்னான், "இது இன்னான்னு தெரியல நைனா. தமிழு. நான் தெலுங்கு மீடியம். வூட்ல பேசறது தமிழு, படிக்க வராது. நீ படி."

நான் படிக்கவா? இரண்டு பேரும் அந்தப் புஸ்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தமிழ் பேசுகிற இரண்டு பேர், இரண்டு பேருக்கும் அது வெறும் கோடு. நான் முதல் பக்கத்தைத் திருப்பினேன். நீல மையில் கையால் எழுதின நான்கைந்து எழுத்து. பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் மனதில் ஏற்றிக்கொண்டு வந்த இரண்டாவது உருவம். உன் அம்மா ஜெபம் பண்ணித் தேர்ந்தெடுத்தது.

அது பாட்டுப் புஸ்தகமப்பா. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நீயும் உன் அம்மாவும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு பாடுகிற புஸ்தகம். பதினோரு வருஷம் அதற்கு அட்டை போட்டு, ஸ்பேனருக்கு அடியில் வைத்து, வெள்ளிக்கிழமை அங்கே நடக்கிற ஆராதனைக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். பக்கத்துக் கட்டிலில் படுத்தவனிடம்கூட நீ யார் என்று சொல்லவில்லை. பேப்பர் ஒன்று சொல்ல, வாய் இன்னொன்று சொன்னால் வேலைக்கு ஆபத்து வரும் என்று பயந்தாயா? அந்தப் பயத்தை உனக்கு யார் கற்றுக் கொடுத்தது? மறு வருஷமே பெரிய சார் கேட்டபோது, "சரியா சொல்லு, ஒரே பேரைத்தான் சொல்லணும்" என்று உன் தோளைப் பிடித்து அழுத்தினது நான்தானே?

அடுத்த நாள் அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். காரில் ரொம்ப நேரம், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மொட்டை மலை. நம் நாட்டு ஆட்கள் எரிக்கிற இடம் அது. தகரக் கொட்டகை, அடுக்கி வைத்த விறகு, ஒரு குழாய், குழாய்க்குக் கீழே கவிழ்த்து வைத்த பக்கெட்டுகள். சுத்தமாகத்தான் இருந்தது. பார்த்துக்கொள்கிற குஜராத்திக்காரருக்கு என் வயது இருக்கும். தண்ணீர் கொடுத்தார், ஒரு பெரிய நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். பெயரைச் சொல்லுங்கள் என்றார். நான் சொல்லவில்லை. விரலை மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே வந்தேன். நாலாவது பக்கத்தில் முதல் உருவம் இருந்தது. அதில் விரலை வைத்தேன்.

"இங்கதான் நைனா," என்றான் வரதய்யபாளையத்துக்காரன். "நான்தான் கொள்ளி வச்சேன். புள்ள இல்லாதவனாச்சே, பொண்ணு ஊர்ல கீது, அனாதையாட்டம் உட்டுட முடியுமா? மொட்ட அடிச்சிக்கினேன். ஏழெட்டுப் பேரு வந்தாங்க. மலைமேல கீற சாமி பேரு வச்சவனாச்சேன்னு கோவிந்தா கோவிந்தான்னு சொல்லித்தான் அனுப்பி வச்சோம். எந்தக் கொறையும் வைக்கல. சாம்பல கடல்ல கரச்சோம்."

அவன் எவ்வளவு ஆசையாகச் சொன்னான் தெரியுமா? ஒரு கூடப்பிறந்தவன் செய்கிறதைச் செய்திருக்கிறான். அதை வாங்கிக்கொண்டு சும்மா வந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"அவன் கிறிஸ்தவன்டா," என்றேன்.

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. புஸ்தகம், வெள்ளிக்கிழமை, பாட்டு, எல்லாம் ஒவ்வொன்றாக அவன் மூஞ்சியில் வந்து சேர்வதைப் பார்த்தேன். அப்படியே குழாய்ப் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டான். "அப்ப நான் இன்னா பண்ணிட்டேன் நைனா? இன்னா பண்ணிட்டேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"நீ ஒண்ணும் பண்ணல. நான் பண்ணேன்."

அவனுக்குச் சொன்னதை இப்போது உனக்குச் சொல்கிறேன். எழுதுகிறவளும் இதை இப்போதுதான் கேட்கிறாள்.

செய்தி வந்த இரண்டாம் நாள். உன் பெண்டாட்டி பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. உன்னை அனுப்பின ஏஜெண்டு கூப்பிட்டான் என்று நான் மட்டும் திருப்பதிக்குப் போனேன். திருச்சானூர் ரோட்டில் மாடியில் இருந்தது அவன் ஆபீஸ். ஜன்னலுக்குக் கீழே மொட்டைத் தலைகளை ஏற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோ போய்க்கொண்டே இருந்தது. அவன் ஒரு பேப்பரை வைத்துக்கொண்டு சொன்னான்:

"பெத்தாயனா, பாடி ஊருக்கு வரணும்னா எத்தன நாளாவும்னு சொல்ல முடியாது. அங்கியே காரியம் முடிச்சுட்டா சீக்கிரம் முடியும். நீங்க போன்ல ஒரு பேரு சொன்னீங்க, பாஸ்போர்ட்ல ஒரு பேரு கீது. ரெண்டும் கலந்தா பைலு நின்னுபோவும். உங்க மருமகளுக்கு வரவேண்டிய பணம், பாப்பா சர்ட்டிபிகேட்டு, எல்லாத்தயும் நோண்டுவாங்க. எந்தப் பேருல செய்யச் சொல்றீங்க?"

நான் யோசிக்கவே இல்லை. பள்ளியில் பழகின வாய். "பேப்பர்ல எப்டி கீதோ அப்டியே செஞ்சுடுங்க சார்" என்றேன்.

அவன் அந்தப் பேப்பரைத் தெலுங்கில் படித்தும் காட்டினான். எனக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். அங்கேயே காரியம், பேப்பரில் உள்ள மதப்படி. ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது. காரியம் என்றதும் எனக்குக் குழிதான் கண்ணில் தெரிந்தது. எழுபது வருஷமாக நான் எத்தனை பெட்டிக்குப் பின்னால் நடந்திருக்கிறேன், எல்லாம் மண்ணுக்குத்தான் போயிற்று. அந்த ஊர் மண்ணில் வைப்பார்கள், ஒரு பெயர் மாறியிருக்கும், போகட்டும், என்றைக்காவது போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். இந்தப் பேப்பர்ப் பெயர்க்காரனுக்கு மண் இல்லை, நெருப்பு என்பது என் புத்தியில் ஏறவில்லை. பெயர் மாற்றி எழுதினால் பிள்ளை மாறிவிடுவானா என்று கேட்டாரே பெரிய சார். மாறிவிட்டாய், சின்ன நைனா. கடைசியில் மாறிவிட்டாய்.

கட்டைவிரல் வைத்தேன். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு தெளிவாக எடுத்தது.

நான்கு நாள் கழித்துக் கடலில் கரைத்த போட்டோ வந்தது. உன் பெண்டாட்டி அலறினாள். "நம்மள ஒரு வார்த்த கேக்காம எப்டி மாமா எரிச்சாங்க?" என்றாள். "ஆமாம்மா, கேக்கவே இல்ல" என்றேன். அந்த மூன்று வார்த்தையை இரண்டு வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் தினமும் அந்தக் கம்பெனியைச் சபிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாள் ஆமென் என்றும் சொல்லியிருக்கிறேன்.

இந்த இடத்தில் அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். எழுந்து உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் வாசற்படியிலிருந்து என் காலுக்கு வந்து, காலை விட்டும் போயிற்று. திரும்பி வந்து பேனாவை எடுத்தாள்.

"சொல்லு மாமா."

"எழுதினியாம்மா, நான் சொன்னத எல்லாம்?"

"எழுதிட்டேன். ஒண்ணையும் உடல."

"அம்மா, நான்..."

"மன்னிச்சிட்டேன்னு மட்டும் எழுதச் சொல்லாத. அது எனக்கு எழுத வரல."

அதையும் எழுது என்றேன். எழுதியிருக்கிறாள்.

மிச்சத்தையும் சொல்லி முடித்துவிடுகிறேன். அந்தக் கொட்டகையிலிருந்து கடலுக்கு நடந்து போனேன். முழங்கால் வரைக்கும் இறங்கினேன். தண்ணீர் சூடாக இருந்தது. உன்னிடம் சொல்ல வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது? இங்கே உன்னைக் கரைத்தவர்கள் ஒரு பெயரைச் சொல்லிக் கரைத்தார்கள், அது நீ இல்லை. மற்ற பெயரை இந்தக் கடல் கேட்டதே இல்லை. வரதய்யபாளையத்துக்காரன் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே நின்றான், நான் உள்ளே போய்விடுவேன் என்று பயந்து. அவன் பயந்தது தப்பில்லை.

திரும்பி மெட்ராஸில் இறங்கினதும் நேராக வீட்டுக்கு வரவில்லை. திருப்பதி பஸ் ஏறி திருச்சானூர் ரோட்டுக்குப் போனேன். அந்தப் பேப்பரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. என் விரலை நானே பார்க்க வேண்டும். அந்த மாடியில் இப்போது சாமி படமும் வளையலும் விற்கிறார்கள். ஏஜெண்டா, எந்த ஏஜெண்டு என்று கேட்டாள் அந்தக் கடைக்காரப் பெண். "கூசோ தாத்தா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். சண்டை போடக்கூட யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் கமிட்டியில் கல்லைப் பற்றிக் கேட்டேன். பெரியவர் ஒருவர், நம் தெருதான், உனக்குத் தெரிந்தவர், எடுத்ததும் பாய்ந்தார்.

"யோவ், ஒடம்பு இல்லாம இன்னாய்யா கல்லற? அடக்கப் புஸ்தகத்துல இன்னான்னு எழுதறது? எடமே இல்ல, ஆளாளுக்குக் கல்லு தூக்கிக்கினு வந்தா?"

"வேற எடம் கேக்கல. எனக்கு வச்சிருக்கற எடத்துல வச்சிடறேன்."

"அப்ப நீ எங்க போவ?"

"அத்த அப்புறம் சொல்றேன்."

"சரி, பேரு? எந்தப் பேரு வெட்டப் போற?"

கோயில் பெயரைக் கல்லில் வெட்டினால், நாளைக்கு ஆகாதவன் ஒருவன் போட்டோ எடுத்து ஆபீசில் கொடுத்தால் போதும், உன் மகளுடைய படிப்பு நின்றுவிடும். பேப்பர்ப் பெயரை வெட்டினால் உன் அம்மா எழுந்து வந்து என்னைக் கேட்பாள். அங்கே உட்கார்ந்திருந்த பதினொரு பேரில் எட்டுப் பேருக்கு இரண்டு பெயர். கேட்டவருக்கும் இரண்டுதான். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுத்தே வேணாம்," என்றேன். "ஒரு குறி இருந்தா போதும்."

பாஸ்டர் ஐயா சின்ன வயசுக்காரர். "எழுத்தில்லாத கல்லா தாத்தா? வர்றவங்களுக்கு யாருன்னு எப்டித் தெரியும்?"

"ஐயா, அந்தத் தோட்டத்துல அத்தன கல்லு கீது, அவன் அம்மா கல்லு உள்பட. ஒண்ணையும் நான் படிச்சதில்ல. இத்த ஒண்ணையாவது படிக்கறேன்."

அடக்கப் புஸ்தகத்தில் எழுத மாட்டோம், கல்லை மட்டும் வைத்துக்கொள் என்றார்கள். வெளியே வந்ததும் பாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, மண்ணிலிருந்து எழுப்புகிறவருக்குச் சாம்பலிலிருந்து எழுப்பத் தெரியாதா தாத்தா என்றார். தெரியும் ஐயா என்றேன். தெரியுமா, சின்ன நைனா? நீ இருக்கிற இடத்தில் உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

உன் பையைக் கல்லுக்கு அடியில் வைக்கலாம் என்றிருந்தேன். உன் மகள் தர மாட்டேன் என்று சொல்லி ஹாஸ்டலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஸ்பேனர் எல்லாவற்றோடும். புஸ்தகம் உன் பெண்டாட்டியிடம் இருக்கிறது. அட்டையைப் பிரிக்கவில்லை.

சனிக்கிழமை கல் வெட்டுகிறவன் வருகிறான். வட்டத்தையும் கொம்பையும் நான் காவியால் வரைந்து கொடுப்பேன், அவன் அதன்மேல் உளி வைப்பான். அந்த வட்டம் கோணாது.

அந்தப் பெரியவர் கேட்டதற்குப் பதில் பாக்கி இருக்கிறது. நான் எங்கே போவேன் என்று. உன் பெண்டாட்டி எழுதுகிறாள், படிக்கிறவர்கள் சாட்சி. என் இடத்தில் நீ இருப்பாய். நான் போனால் என்னை மண்ணில் வைக்கக் கூடாது. நீவா ஆற்றங்கரையில் ஊர்க்காரர்கள் எரிக்கிற இடத்தில் என்னை எரித்துவிடுங்கள். கோயிலில் மணி அடிக்காவிட்டால் போகட்டும். பாட்டு வேண்டுமென்றால் உன் புஸ்தகத்திலிருந்து அவள் ஒன்று பாடட்டும், அவளுக்கு மனம் இருந்தால். மண்ணுக்கு வெளியே உன்னைத் தனியாக அனுப்பினேன். அங்கே உன்னை விட்டுவிட்டு, நான் மட்டும் உன் அம்மா பக்கத்தில் நிம்மதியாகப் படுத்துக்கொள்ள மாட்டேன். நீ போன வழியாகவே வருகிறேன்.

இதை எழுதிவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, தெரிஞ்சிதான் சொல்றியா?" என்று கேட்டாள்.

போன தடவை தெரியாமல் சொன்னேன். இந்தத் தடவை தெரிந்துதான் சொல்கிறேன்.

கட்டைவிரல் வைக்க மை கொண்டுவந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேனாவை வாங்கிக் கீழே நானே போட்டிருக்கிறேன். ஒரு வட்டம், இரண்டு கொம்பு. நீ சொன்ன கையெழுத்து.

இப்படிக்கு,
உன்னை இரண்டு பெயரில் வளர்த்து, எந்தப் பெயரிலும் கூப்பிட முடியாமல் நிற்கிற
உன் நைனா